ஓர் ஈற்றில் இரு குட்டிகள்: சுந்தரவனச் செம்மறியின் மரபணு தக்காணத்துக்கு வந்த கதை

மேற்கு வங்க மாநிலத்தின் சுந்தரவனப் பகுதியில், முழங்கால் அளவு நீரில் நின்றபடி புல் மேயும் சிறிய செம்மறி இனம் ஒன்று உள்ளது. 'காரோல்' என்பது அதன் பெயர். நன்கு வளர்ந்த ஆடே 10 முதல் 15 கிலோ வரைதான் எடை இருக்கும். இறைச்சி வியாபாரிகளின் கண்ணுக்கு எளிதில் படாத இந்த ஆடு, இந்திய, ஆஸ்திரேலிய மரபியல் ஆய்வாளர்களின் கவனத்தைப் பல ஆண்டுகளாக ஈர்த்து வருகிறது. இந்தியாவின் பெரும்பாலான செம்மறி இனங்கள் ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனும் நிலையில், காரோல் பெட்டை ஆடுகள் இரண்டு குட்டிகளையும், சில வேளைகளில் மூன்று, நான்கு குட்டிகளையும் ஈனுவதே அதற்குக் காரணம்.

இந்த இயல்பு பல மரபணுக்களின் கூட்டு விளைவன்று. ஒரே ஒரு மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறியதால் விளைந்தது. அந்த மாற்றத்தை மட்டும் எடுத்து, மகாராஷ்டிரத்தின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் வாழும் தக்காணி ஆடுகளுக்குள் சேர்க்கும் பணி 1990-களில் தொடங்கியது. ஆட்டுக்குட்டி விற்பனையையே ஆண்டு வருமானமாகக் கொண்ட மேய்ப்பர் குடும்பங்களுக்கு இப்பணியின் விளைவு நேரடியாகப் பொருள் தருவது. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 7.42 கோடி செம்மறி ஆடுகள் உள்ளன. முந்தைய 2012 கணக்கெடுப்பை விட இது ஏறத்தாழ 14 சதவீதம் அதிகம். தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் இவற்றில் பாதிக்கு மேல் உள்ளன.

காட்டு ஆடு மந்தை ஆடான வரலாறு

இன்றைய வீட்டுச் செம்மறியின் மூதாதை, மேற்கு ஆசியாவின் மலைச்சரிவுகளில் வாழும் 'மூஃப்ளான்' என்னும் காட்டு ஆடு. ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய துருக்கியின் தென்கிழக்கிலும் அதையொட்டிய சிரியா, ஈராக், ஈரான் பகுதிகளிலும் மனிதர் அதனைப் பழக்கத் தொடங்கினர். துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள அஷிக்லி ஹொயுக் என்னும் தொல்லியல் மேட்டில், குடியிருப்புகளுக்கு இடையே ஆடுகளை அடைத்து வைத்திருந்ததற்கான சாணப் படிவுகள் கிடைத்துள்ளன.

மூதாதை எது என்ற கேள்விக்குக் குரோமோசோம்கள் பெருமளவு விடை தந்தன. வீட்டுச் செம்மறிக்கு 54 குரோமோசோம்கள். மேற்கு ஆசிய மூஃப்ளானுக்கும் 54. ஆசியாவின் மற்ற காட்டுச் செம்மறிகளான யூரியலுக்கு 58, ஆர்கலிக்கு 56. ஆகவே பின்னிரண்டும் நேரடி மூதாதை ஆகும் வாய்ப்பு குறைந்தது. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, உலகச் செம்மறிகள் ஐந்து தாய்வழிக் கிளைகளுக்குள் அடங்குவது தெரியவந்தது. ஐரோப்பிய ஆடுகளில் பெரும்பான்மை 'பி' கிளை. இந்திய ஆடுகளில் பெரும்பான்மை 'ஏ' கிளை. ஓரிடத்தில் ஒரே முறை பழக்கப்பட்டதன்று செம்மறி என்பதையே இது உணர்த்துகிறது.

தொடக்கத்தில் மனிதர் இதனை வளர்த்தது கம்பளிக்காக அன்று, இறைச்சிக்காக. பழங்கால ஆடுகளின் உடலில் முரட்டு முடியே இருந்தது. மென்மையான கம்பளி பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தே வந்தது. ஆட்டின் மரபணுத் தொகுதிக்குள் நிலையாகத் தங்கிவிட்ட பழைய வைரஸ் எச்சங்களை ஒப்பிட்டு 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, செம்மறிகள் இரண்டு அலைகளாக மேற்கு ஆசியாவிலிருந்து உலகெங்கும் பரவியதைக் காட்டியது. கார்சிகா, சார்டினியா தீவுகளில் 'காட்டு ஆடு' என்று கருதப்பட்டு வந்தவை உண்மையில் முதல் அலையில் சென்று, பின்னர் மனிதரிடமிருந்து தப்பிக் காடேறிய வீட்டு ஆடுகளின் வழித்தோன்றல்களே.

இந்த நெடிய தேர்வில் உடல் அளவு, நிறம், கம்பளி, வாலில் சேரும் கொழுப்பு என எத்தனையோ பண்புகள் மாறின. ஒரே ஈற்றில் பல குட்டிகள் என்பது மட்டும் பெரும்பாலான இனங்களில் வேரூன்றவில்லை. மேய்ச்சல் அருகிய நிலத்தில் இரு குட்டிகளுக்குப் பால் தர இயலாத தாயை விட, ஒரு குட்டியை நன்கு வளர்க்கும் தாயே மேய்ப்பருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதால் இதில் வியப்பில்லை. புல்லும் நீரும் குறையாத வங்கக் கழிமுகத்தின் நிலை வேறு.

ஆஸ்திரேலியாவில் தெரிந்த விடை

காரோலின் ரகசியம் முதலில் வெளிப்பட்டது வங்கத்தில் அன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூமா நகருக்கு அருகே 'பூரூலா' என்ற பண்ணை இருந்தது. அதன் உரிமையாளர்களான சியர்ஸ் சகோதரர்கள், பல குட்டி ஈனும் மெரினோ ஆடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்து வந்தனர். 1958-இல், ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளுள் ஒன்றான கிடா ஒன்றை அந்நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.-வுக்கு அவர்கள் அன்பளிப்பாக வழங்கினர். மரபியலாளர் ஹெலன் நியூட்டன் டர்னர் அந்த மந்தையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

குட்டிகளின் எண்ணிக்கை போன்ற பண்புகள் நூற்றுக்கணக்கான மரபணுக்களால் சிறிது சிறிதாகத் தீர்மானிக்கப்படுபவை என்பதே அன்றைய பாடநூல் கருத்து. பூரூலா மந்தையின் பதிவேடுகள் அதற்கு இணங்கவில்லை. பண்பு ஒரே ஒரு மரபணுவைப் பின்பற்றித் தலைமுறை தோறும் பிரிவது 1980-களின் தொடக்கத்தில் உறுதியானது. 'ஃபெக்-பி' என்று அதற்குப் பெயரிடப்பட்டது. மேலும் 20 ஆண்டுகள் கழித்து, 2001-இல், நியூசிலாந்து, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன. ஆறாவது குரோமோசோமில் உள்ள 'பி.எம்.பி.ஆர்.1பி' என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் விளைவாக அம்மரபணு உருவாக்கும் புரதத்தின் 249-ஆவது இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் அமர்ந்திருந்தது.

மெரினோ பல குட்டி ஈனும் இனமன்று. அப்படியானால் அதற்குள் இம்மாற்றம் எங்கிருந்து வந்தது? விடை கப்பல் பதிவுகளில் இருந்தது. 1797-இல் மெரினோ ஆடுகள் ஆஸ்திரேலியாவை அடைவதற்கு முன்பே, 1792, 1793 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்கச் செம்மறிகள் அங்கு இறக்குமதி செய்யப்பட்டிருந்தன. அக்காலத்து மந்தைகளில் அவை கலந்து, பின்னர் மெரினோவின் பெருவெள்ளத்தில் உருவம் மறைந்தன. மரபணு மட்டும் மறையவில்லை. இந்தக் கருத்தை டர்னர் முன்னரே எழுதியிருந்தார். 2002-இல் பல நாட்டு ஆடுகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, காரோலிலும் பூரூலாவிலும் இருப்பது ஒரே மாற்றம்தான் என நிறுவியது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் உரிமை கோரப்படாமல் கிடந்த வங்கத்துச் சொத்து என்றே இதனைச் சொல்லலாம். இந்தோனேசியாவின் ஜாவா ஆடுகளிலும், சீனாவின் ஹூ இனத்திலும், ஒடிசாவின் கேந்திரபாடா இனத்திலும் இதே மாற்றம் பின்னர் கண்டறியப்பட்டது.

சினைப்பையில் நிகழ்வது என்ன?

ஒவ்வொரு பருவச் சுழற்சியிலும் பெட்டை ஆட்டின் சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்குகின்றன. இயல்பான ஆட்டில் அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு, மற்றவற்றின் வளர்ச்சியை ஒடுக்கிவிடுகிறது; ஒரு முட்டை மட்டுமே வெளியேறுகிறது. முட்டைப்பையின் உயிரணுக்கள் அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் தடுக்கும் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் மேற்சொன்ன புரதம். மாறிய வடிவில் அது அரைகுறையாகவே வேலை செய்கிறது. தடை தளர்வதால் முட்டைப்பைகள் சிறிய அளவிலேயே முதிர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் வெடித்து முட்டைகளை வெளியேற்றுகின்றன.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்ற ஆட்டில் ஒரு பிரதி இருக்கும். இருவரிடமிருந்தும் பெற்றதில் இரு பிரதிகள் இருக்கும். ஒரு பிரதியே முட்டைகளின் எண்ணிக்கையைச் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை வரை கூட்டுகிறது. இரண்டு பிரதிகள் மேலும் கூட்டுகின்றன. இரு பிரதிகள் கொண்ட ஆடும் மலடாவதில்லை என்பது இங்கு முக்கியம். நியூசிலாந்தின் ராம்னி ஆடுகளில் கண்டறியப்பட்ட 'இன்வர்டேல்' என்னும் வேறொரு மரபணு மாற்றம் இதற்கு நேர்மாறானது. அதில் ஒரு பிரதி இரட்டைக் குட்டிகளைத் தரும். இரு பிரதிகள் அமைந்தால் ஆடு சினையே பிடிக்காது.

கிடாவைப் பார்த்து எதையும் அறிய முடியாது. மரபணுவைச் சுமந்தாலும் அதன் உடலில் வெளிப்படையான அடையாளம் ஏதுமில்லை. 2001-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் நடைமுறைப் பயன் இங்குதான் உள்ளது. அதுவரை ஒரு கிடாவின் தன்மையை அறிய, அதன் பெண் குட்டிகள் வளர்ந்து ஈனும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் சிறிதளவு இரத்தமும் ஒரு மரபணுப் பரிசோதனையும் போதுமானவை ஆயின.

பல்தனில் நடந்த இனக்கலப்பு

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் உள்ள பல்தன் நகரில், 1968-இல் பி.வி. நிம்ப்கர் நிறுவிய நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் செயல்பட்டு வருகிறது. அப்பகுதியின் ஆடு தக்காணி. கறுப்பு நிறம், முரட்டுக் கம்பளி, நெடுந்தொலைவு நடக்கும் திறன் ஆகியவை அதன் அடையாளங்கள். தங்கர் சமூகத்தினர் மழைக்குப் பின் இந்த மந்தைகளை ஓட்டிக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வர்; அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவர். கம்பளிக்கு இருந்த மதிப்பு தேய்ந்துவிட்ட நிலையில், குட்டி விற்பனையே அவர்களின் வாழ்வாதாரம். தக்காணி ஆடோ ஏறக்குறைய எப்போதும் ஒற்றைக் குட்டியையே ஈனும்.

1990-களில் சுந்தரவனத்திலிருந்து காரோல் ஆடுகள் பல்தனுக்குக் கொண்டுவரப்பட்டன. மரபணு இன்னதென்று உலகம் அறிவதற்கு முன்பே, அதன் பயனை எதிர்பார்த்து எடுக்கப்பட்ட துணிவான முடிவு அது. காரோல் கிடா தக்காணிப் பெட்டையின் பாதி எடையே உள்ளது என்பது முதல் இடர்ப்பாடு. செயற்கைக் கருவூட்டல் அதற்குக் கைகொடுத்தது. கலப்புக் குட்டிகள் உருவத்தில் சிறுத்தன என்பது இரண்டாவது இடர்ப்பாடு. இரட்டைக் குட்டி பிறந்தாலும், சிறிய குட்டிக்குச் சந்தையில் விலை கிடைக்காது.

ஆகவே கலப்பு ஆடுகள் மீண்டும் மீண்டும் தக்காணி இனத்துடனும், இறைச்சிக்குப் பெயர்பெற்ற கர்நாடகத்தின் பன்னூர் இனத்துடனும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் காரோலின் பங்கு பாதியாகக் குறையும். ஆனால் பரிசோதனையில் 'ஃபெக்-பி' உள்ளதாகத் தெரிந்த குட்டிகள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. உருவம் தக்காணத்தினுடையது, ஈனும் திறன் வங்கத்தினுடையது என்ற நிலை இவ்வாறு எட்டப்பட்டது. நிறுவனத்தின் கால்நடைப் பிரிவில் மரபியலாளர் சந்தா நிம்ப்கர் இப்பணியை முன்னின்று நடத்தினார். புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும், ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகமும் உடன் பணியாற்றின. இவ்வாறு உருவான ஆட்டு வகைக்கு 'நாரி சுவர்ணா' என்று பெயர்.

இரு பிரதிகள் உள்ள கிடாவைச் சாதாரணத் தக்காணிப் பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் பெண் குட்டிகள் அனைத்தும் தவறாமல் ஒரு பிரதியைப் பெறும். அவை வளர்ந்து ஈனும்போது, ஈற்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரைக் குட்டிகள் கிடைக்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், 30 பெட்டைகள் உள்ள மந்தையில் 30 குட்டிகளுக்குப் பதில் 45 குட்டிகள். மேய்ப்பருக்கு ஏற்றது இதுவே. மாறாக, ஒரு பிரதி கொண்ட கிடாவையும் ஒரு பிரதி கொண்ட பெட்டைகளையும் மந்தைக்குள்ளேயே சேரவிட்டால், குட்டிகளில் நான்கில் ஒன்று இரு பிரதிகளுடன் பிறக்கும். அது வளர்ந்து மூன்று குட்டிகள் ஈனக்கூடும். இரண்டே காம்புகள் உள்ள, நாள் முழுதும் நடந்தே மேயும் ஆட்டுக்கு மூன்று குட்டிகள் வரவு அல்ல, சுமை. எனவேதான் இரு பிரதிகள் உள்ள மந்தையை நிறுவனமே பேணி, மேய்ப்பர்களுக்குக் கிடாக்களை மட்டும் வழங்கும் முறை பொருத்தமாகிறது.

ராஜஸ்தானின் டோங்க் மாவட்டத்தில் அவிகாநகரில் 1962 முதல் இயங்கிவரும் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆய்வு நிறுவனமும் இதே மரபணுவைக் கொண்டு வேறொரு வகையை உருவாக்கியுள்ளது. 'அவிஷான்' எனப்படும் அதில் காரோல் 12.5 சதவீதம், மால்புரா 37.5 சதவீதம், படன்வாடி 50 சதவீதம். பால் மிகுந்த படன்வாடிக்குப் பாதிப் பங்கு தரப்பட்டதன் நோக்கம், பிறக்கும் குட்டிகளுக்குப் பால் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே.

இரட்டைக் குட்டிக்கு உரிய விலை

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில் நிகழ்கிறது. வயிற்றில் இரு கருக்கள் இருந்தால் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்கும். அதிகத் தீனி தேவைப்படும் நேரத்திலேயே ஆட்டால் அதிகம் உண்ண முடியாமல் போகும். அப்போது உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு கரைவதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் மிகும்போது ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தள்ளாடும், பார்வை மங்கிப் படுத்துவிடும். சினைக்கால நச்சேற்றம் எனப்படும் இந்நோய் முற்றிய பின் காப்பாற்றுவது அரிது. கடைசி வாரங்களில் சிறிதளவு சோளம் அல்லது மக்காச்சோளம் கூடுதலாகக் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒற்றைக் குட்டியே ஈனும் மந்தையில் மேய்ப்பர் அதிகம் சந்திக்காத நோய் இது. மரபணுவோடு சேர்ந்தே அவரிடம் வந்து சேர்கிறது.

பிறந்த பின் குட்டிக்கு முதல் நாளே கண்டம். மனிதக் குழந்தையைப் போலன்றி, ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஏதுமின்றியே பிறக்கிறது. செம்மறியின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. சீம்பால் வழியாகவே அவை கிடைக்க வேண்டும். பிறந்து 24 மணி நேரத்தில் குடல் அவற்றை உட்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. இரட்டையரில் எடை குறைந்த குட்டி எழுந்து காம்பைத் தேடுவதற்குள், வலுவானது குடித்து முடித்துவிடும். பயணத்தின் நடுவே, வயல்வெளியில், இரவில் ஈனும் மந்தைகளில் இந்த இரண்டாவது குட்டியைத் தூக்கிப் பால் ஊட்ட ஒரு கை தேவைப்படுகிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் கை. குட்டிகளின் எண்ணிக்கை கூடும்போது அவர்களின் உழைப்பும் கூடுகிறது என்பதை வருமானக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இடர், குடற்புழு. செம்மறியின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் 'ஹீமாங்கஸ்' புழு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் இழப்பு. ஒரு பெண்புழு தினமும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஈனும் காலத்தையொட்டி தாய் ஆட்டின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் புழுக்கள் பெருகுகின்றன. இரட்டைக் குட்டிகளுக்குப் பால் தரும் தாயிடம் இத்தளர்ச்சி இன்னும் அதிகம். மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து புகட்டியதால், பல நாடுகளில் புழுக்கள் மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. கீழ் இமையின் உட்புறத்தைத் திறந்து, அதன் சிவப்பு எவ்வளவு வெளிறியுள்ளது என்பதை ஐந்து நிற அட்டையுடன் ஒப்பிட்டு, இரத்தச் சோகை உள்ள ஆட்டுக்கு மட்டும் மருந்து தரும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டது. செலவு ஏதுமற்ற இம்முறை இந்திய மந்தைகளுக்கும் பொருந்தும்.

இங்கு காரோல் மீண்டும் முன்வருகிறது. சதுப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழுக்களுடன் வாழ்ந்த இந்த இனம், அவற்றைத் தாங்குவதில் தக்காணி, பன்னூர் இனங்களை விட மேலானது என்பது பல்தன் ஆய்வுகளில் தெரியவந்தது. ஆனால் இந்த ஆற்றல் ஒரே மரபணுவில் அடங்கியதன்று. பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பது. ஆகவே 'ஃபெக்-பி' மரபணுவைப் போல இதனை ஒரு பரிசோதனையால் தேர்ந்தெடுத்துக் கடத்த இயலாது. உருவத்தை மீட்பதற்காகத் தக்காணியுடன் மீண்டும் மீண்டும் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இது நீர்த்துப்போகிறது. ஒரு பண்பைப் பெறுவதற்கான வழியே மற்றொன்றை இழப்பதற்கான வழியாகவும் அமைந்துவிட்டது.

பெருந்தொற்றுகளின் முன்னிலையிலோ மரபணு எதுவும் உதவுவதில்லை. ஆட்டுக் கொல்லி நோய் 1942-இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1987-இல் தமிழகத்தின் அரசூரில் அது முதலில் கண்டறியப்பட்டது. 2030-க்குள் உலகிலிருந்தே இதனை ஒழிக்க ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும், உலக விலங்கு நல அமைப்பும் இலக்கு வைத்துள்ளன. ஒருமுறை போட்டால் பல ஆண்டுகள் காக்கும் தடுப்பூசி இந்தியாவிலேயே தயாரிக்கப்படுகிறது. ஊர் ஊராகச் செல்லும் மந்தைகளுக்கு அதனை உரிய வேளையில் போட்டு முடிப்பதே கடினமான பகுதி.

மரபணுவைத் தந்த காரோல் ஆடுகள், தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தாழ்நிலக் கிராமங்களில் வீட்டுக்குச் சில என்ற கணக்கில்தான் வளர்க்கப்படுகின்றன. பெரிய மந்தைகள் இல்லை. 2009-இல் அய்லா, 2020-இல் அம்பான் ஆகிய புயல்கள் இப்பகுதியைத் தாக்கி, மேய்ச்சல் நிலங்களில் உப்பு நீரைப் புகுத்தின. எடை கூட வேண்டும் என்பதற்காகப் பெரிய இனக் கிடாக்களுடன் சேர்க்கும் வழக்கமும் தூய காரோலின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது. 'ஃபெக்-பி' இன்று பல்தனிலும் அவிகாநகரிலும் பாதுகாப்பாக உள்ளது. புழுவைத் தாங்கும் ஆற்றலும், நீரில் நின்று மேய்ந்தும் குளம்பு அழுகாத தன்மையும் அவ்வாறு வெளியே எடுத்து வைக்கப்பட்டவை அல்ல. அவை இன்னும் அந்தக் கிராமத்து ஆடுகளிடமே உள்ளன.